பெர்மிஷன் எல்லாம் சரி, ஆனாலும் டெம்ப்பில் எழுத மாட்டேன் என்கிறது: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்க

ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் ஒரு ரிப்போர்ட் புரோகிராம். தற்காலிக ஃபைல்களுக்கான /டெம்ப் டைரக்டரியில் ஒரு ஃபைலை உருவாக்கி, அதைச் சுருக்கி மெயிலில் அனுப்பிவிடும். ஒருநாள் காலையில் வந்த மெயிலில் இணைப்பு பூஜ்ஜியம் பைட். நான் சர்வருக்குள் ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி யூசராகப் போய், 'டச்' அடித்து /டெம்ப்பில் ஒரு ஃபைல் உருவாக்கிப் பார்த்தேன். உருவானது. ஒரு வரி எழுதினேன், அதுவும் போய் உட்கார்ந்தது. "சர்வரில் ஒன்றும் இல்லை, புரோகிராமைப் பாருங்கள்" என்று பதில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். மறுநாளும் பூஜ்ஜியம் பைட்.

கோளாறு சர்வரில்தான் இருந்தது. டிஸ்க் நிரம்பியிருந்தது. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போது, நாம் மாற்றாத வரைக்கும், 5 சதவீத இடம் ரூட்டுக்கென்று தனியாக ஒதுக்கப்படும். மற்ற யூசர்களுக்கு இடம் தீர்ந்த பிறகும் ரூட் மட்டும் அந்த 5 சதவீதத்தில் எழுதிக்கொண்டே இருக்கலாம். நான் சோதித்தது ரூட்டால் எழுத முடியுமா என்பதை. ரிப்போர்ட் புரோகிராம் ஓடியது வேறொரு யூசராக.

அதிலிருந்து நான் பெர்மிஷன் பிட்டுகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. எழுதிப் பார்க்க வேண்டும். அதுவும் அந்தப் புரோகிராம் ஓடும் அதே யூசராக, அது பார்க்கும் அதே டைரக்டரியில், அது எழுதும் அளவுக்கு. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் நான் எங்கே பார்ப்பேன் என்று எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் லினக்ஸ், கடைசிப் பக்கம் கொஞ்சம் விண்டோஸ். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அதற்குரிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

புரோகிராம் எந்த யூசராக ஓடுகிறது? 'பிஎஸ்' கட்டளை சொல்லும். அதன் டெம்ப் டைரக்டரி எது? டிஎம்பிடிஐஆர் என்ற சூழல் மாறி ஒன்று இருந்தால் பெரும்பாலான புரோகிராம்கள் அதைத்தான் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் /டெம்ப். உங்கள் ஷெல்லில் 'எக்கோ' செய்து பார்ப்பதில் பிரயோஜனமில்லை, அது உங்கள் ஷெல்லின் மதிப்பு. ஓடும் புரோகிராமின் எண்ணை எடுத்து /ப்ராக் அடியில் அந்த எண்ணுள்ள டைரக்டரியில் 'என்விரான்' என்ற ஃபைலைப் படியுங்கள். புரோகிராம் தொடங்கியபோது அதன் கையில் கொடுக்கப்பட்ட மாறிகள் அத்தனையும் அதில் இருக்கும்.

அப்புறம் சோதனை. 'சூடோ -யு' போட்டு அந்த யூசராக மாறி, 'எம்கேடெம்ப்' கொண்டு ஒரு ஃபைல் உருவாக்குங்கள். அதற்குள் 'டிடி' கட்டளையால் நிஜமான அளவு ஒன்றை, ஒரு 50 எம்பி என்று வையுங்கள், எழுதுங்கள். 'கான்வ்=எஃப்சிங்க்' சேர்க்க மறக்க வேண்டாம்; அது இல்லாவிட்டால் டேட்டா மெமரியில் நிற்கும்போதே "எழுதியாச்சு" என்று வந்துவிடும். பிறகு அளவைப் பாருங்கள், திரும்பப் படியுங்கள், கடைசியில் அழியுங்கள். அழிக்க முடிவதும் சோதனையில் சேர்த்திதான்.

'டச்' மட்டும் ஏன் போதாது? காலி ஃபைலுக்கு ஒரு ஐநோடு (ஃபைலைப் பற்றிய விவரப் பதிவு) போதும், டேட்டா பிளாக் ஒன்றும் தேவையில்லை. டிஸ்க் முழுக்க நிரம்பிய நிலையிலும் 'டச்' பல நேரம் வெற்றி பெறும். முதல் பைட்டை எழுதும்போதுதான் அடி விழும்.

"பெர்மிஷன் டினைட்", பிழை எண் 13

/டெம்ப் 1777 ஆக இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள், அதனால் அதைச் சுருக்கமாக முடிக்கிறேன். 777க்கு முன்னால் இருக்கும் 1 என்பது ஸ்டிக்கி பிட். யார் வேண்டுமானாலும் ஃபைல் உருவாக்கலாம், ஆனால் ஒருவர் ஃபைலை இன்னொருவர் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. யாராவது அவசரத்தில் வெறும் 777 அடித்திருந்தால் திரும்ப 1777 ஆக்குங்கள். டெம்ப் டைரக்டரி சொந்தமாக ஆழத்தில் இருந்தால், வழியில் உள்ள ஒவ்வொரு டைரக்டரிக்கும் எக்ஸ் பிட் (உள்ளே நுழையும் உரிமை) வேண்டும். 'நேம்ஐ -எல்' என்ற கட்டளை பாதையை வரிவரியாகப் பிரித்துக் காட்டும், எந்தப் படியில் வழி அடைபட்டிருக்கிறது என்று உடனே கண்ணில் படும்.

யூசரைப் புதிதாக ஒரு குரூப்பில் சேர்த்தீர்களா? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு அது தெரியாது. ரீஸ்டார்ட் செய்தால்தான் புதுக் குரூப் வரும்.

இனிதான் பலரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம். புரோகிராம் எப்போதும் /டெம்ப்பில் ஒரே பெயரில், எக்ஸ்போர்ட்.லாக் என்று வைத்துக்கொள்வோம், எழுதுகிறது. யாரோ ஒரு தடவை சோதனைக்காக அதை ரூட்டாக ஓட்டிவிட்டார்கள். எக்ஸ்போர்ட்.லாக் இப்போது ரூட்டின் சொத்து, 644 (சொந்தக்காரர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்). அடுத்த தடவை புரோகிராம் தன் சொந்த யூசராக ஓடும்போது அந்த ஃபைலைத் திறக்க முடியாது. டைரக்டரியில் எழுத உரிமை இருக்கிறது, புது ஃபைல் உருவாகிறது, சோதனை எல்லாம் பாஸ். அந்த ஒரு பெயர் மட்டும் மறுக்கப்படுகிறது. ஸ்டிக்கி பிட் இருப்பதால் அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதவும் முடியாது.

சரி, இதையே திருப்பிப் போடுங்கள். ஃபைல் சாதாரண யூசருடையது, எழுத வருவது ரூட். ரூட்டுக்கு எது தடை என்று நினைப்போம். ஆனால் 'எக்கோ' செய்து அந்த ஃபைலுக்குள் திருப்பிவிட்டால் ரூட்டுக்கே "பெர்மிஷன் டினைட்" வரும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ ஹேக் ஆகிவிட்டதோ என்று பயந்தேன். காரணம் லினக்ஸின் மையமான கர்னலில் இருக்கும் 'எஃப்எஸ்.ப்ரொடெக்டட்_ரெகுலர்' என்ற அமைப்பு. 2018இல் வந்த லினக்ஸ் 4.19இல் சேர்ந்தது, இன்று பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) தானாகவே ஆன். எல்லோரும் எழுதக்கூடிய ஸ்டிக்கி டைரக்டரியில், வேறொருவருடைய ஃபைலை 'இல்லாவிட்டால் உருவாக்கு' என்ற கொடியோடு திறக்க யார் வந்தாலும், ரூட்டே வந்தாலும், மறுத்துவிடும். ஃபைல் அந்த டைரக்டரியின் சொந்தக்காரருடையதாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஒருவர் முன்கூட்டியே ஒரு பெயரில் ஃபைல் வைத்து, பெரிய உரிமையுள்ள புரோகிராமை அதில் எழுதவைக்கும் தந்திரத்தைத் தடுக்கத்தான் இது. 'சிஸ்சிடிஎல்' கட்டளையால் மதிப்பைப் பார்க்கலாம். ஆஃப் செய்யாதீர்கள். ஃபைலுக்கு நிலையான பெயர் வைத்ததுதான் தப்பு. 'எம்கேஎஸ்டெம்ப்' போன்ற செயற்கூறைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு தடவையும் புதுப் பெயர், 600 பெர்மிஷன், ஏற்கெனவே அந்தப் பெயர் இருந்தால் திறக்க மறுப்பு என்று மூன்றும் சேர்ந்து கிடைக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் 13 வருகிறது என்றால், பெர்மிஷனுக்கு மேல் கூடுதல் பாதுகாப்பு விதி போடும் எஸ்இலினக்ஸ் அல்லது ஆப்ஆர்மர்தான் காரணம். முன்னதற்கு 'ஏயூசர்ச் -எம் ஏவிசி', பின்னதற்கு கர்னல் லாகில் "டினைட்" என்று தேடினால் போதும். எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைத்துப் பார்க்காமல், பெர்மிசிவ் நிலைக்குச் சில நிமிடம் மாற்றிப் பாருங்கள். தடை லாகில் மட்டும் பதிவாகும், வேலை நடக்கும். காரணம் உறுதியானதும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

"எழுதலாம்" என்று செக் சொல்கிறது, எழுதினால் தோற்கிறது

புரோகிராமில் 'இஸ் ரைட்டபிள்' மாதிரி ஒரு கேள்வி, அது உண்மை என்று வந்ததும் எழுதும் பகுதி. இந்த வடிவமே எனக்குப் பிடிக்காது. அடியில் இருப்பது பெரும்பாலும் 'ஆக்சஸ்' என்ற சிஸ்டம் கால். அது பார்ப்பது புரோகிராமை இயக்கிய நிஜ யூசரின் உரிமையை. எழுதும்போது கர்னல் பார்ப்பது அந்த நேரத்தில் செயல்பாட்டில் உள்ள யூசரின் உரிமையை. செட்யூஐடி புரோகிராம்களில் (இயக்குபவர் யாரானாலும் ஃபைலின் சொந்தக்காரராக ஓடுபவை) இவை இரண்டும் வேறு வேறு. தவிர, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, கோட்டா மீதம் இருக்கிறதா என்பதெல்லாம் 'ஆக்சஸ்' விசாரிக்கும் விஷயமே இல்லை. கேட்டதற்கும் எழுதுவதற்கும் நடுவில் நிலைமை மாறிவிடவும் கூடும். விண்டோஸில் பைத்தானின் 'ஓஎஸ்.ஆக்சஸ்' இன்னும் மோசம், யாருக்கு என்ன உரிமை என்று சொல்லும் ஏசிஎல் பட்டியலை அது பார்ப்பதே இல்லை.

பைத்தானின் 'டெம்ப்ஃபைல்' மாட்யூலை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. டெம்ப் டைரக்டரியைத் தேர்ந்தெடுக்கும்போது அது யாரையும் கேட்பதில்லை. ஏதோ ஒரு பெயரில் ஃபைலை உருவாக்கி, 'பிளாட்' என்ற நான்கு எழுத்தை எழுதி, மூடி, அழித்துப் பார்க்கும். அது நடந்தால்தான் அந்த டைரக்டரி. நடக்காவிட்டால் அடுத்தது.

டெம்ப் ஃபைல்கள் வேறெங்கோ போய் விழுகின்றன

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான் இது. பைத்தான் பார்க்கும் வரிசை: டிஎம்பிடிஐஆர், டெம்ப், டிஎம்பி என்ற மூன்று மாறிகள், பிறகு யூனிக்ஸ் வகைகளில் /டெம்ப், /வார்/டெம்ப், /யுஎஸ்ஆர்/டெம்ப், எதுவும் சரிப்படாவிட்டால் புரோகிராம் நிற்கும் டைரக்டரி. இதில் எங்கும் எச்சரிக்கை வராது. அதனால் சோர்ஸ் கோட் இருக்கும் டைரக்டரியில் 'டிஎம்பி' என்று தொடங்கும் அனாதை ஃபைல்களைப் பார்த்தால், கோடில் தேடுவதற்கு முன்னால் /டெம்ப்பையும் /வார்/டெம்ப்பையும் சோதியுங்கள். இரண்டும் எழுத மறுத்திருக்கலாம். தேர்ந்தெடுத்ததைப் புரோகிராம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், /டெம்ப்பைச் சரிசெய்த பிறகு ரீஸ்டார்ட் தேவை.

"நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்", எண் 28

'டிஎஃப் -ஹெச்' அடித்து 100 சதவீதம் என்று வந்தால் கதை புரிந்துவிட்டது. 40 சதவீதம்தான் என்று வந்தால் 'டிஎஃப் -ஐ' அடியுங்கள். ஐநோடு தீர்ந்திருக்கும். பிஞ்சுப் பிஞ்சாக லட்சக்கணக்கில் செஷன் ஃபைல்களை விட்டுச்செல்லும் புரோகிராம்கள் இதைச் செய்யும். இடம் இருக்கும், பதிவேட்டில் பக்கம் இருக்காது.

இன்னொரு விசித்திரம்: 'டிஎஃப்' நிரம்பிவிட்டது என்கிறது, 'டியு' போட்டுக் கூட்டினால் கால்வாசிகூட வரவில்லை. அழித்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்தே வைத்திருக்கிறது என்று அர்த்தம். பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' (பெரிய எழுத்து எல்) அந்தப் புரோகிராமைக் காட்டிக்கொடுக்கும். அதை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்ப வரும்.

/டெம்ப் டிஸ்க்கில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பதும் ஒரு பொறி. 'ஃபைண்ட்மவுன்ட் -டி /டெம்ப்' (பெரிய எழுத்து டி) அடித்து டிஎம்பிஎஃப்எஸ் என்று வந்தால் அது மெமரியில் இருக்கிறது. அளவு எதுவும் கொடுக்காவிட்டால் ரேமில் பாதிதான் அதன் எல்லை. ஃபெடோரா ரொம்ப காலமாக இப்படித்தான். 2025இல் வந்த டெபியன் 13இலும் /டெம்ப் இயல்பாகவே டிஎம்பிஎஃப்எஸ் ஆகிவிட்டது. "நேற்று வரை 6 ஜிபி ஃபைலைப் பிரித்துக்கொண்டிருந்தது, அப்கிரேடு செய்த பிறகு முடியவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். அந்த மாதிரிப் பெரிய வேலைக்கு டிஎம்பிடிஐஆரை /வார்/டெம்ப்புக்குத் திருப்பிவிடுவது நல்லது.

"ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்", எண் 30

இதற்கு மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். கன்டெய்னரை (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) 'ரீட்-ஒன்லி' கொடியோடு கிளப்பியிருப்பார்கள், /டெம்ப்புக்கு ஒரு டிஎம்பிஎஃப்எஸ் கொடுக்க மறந்திருப்பார்கள். அல்லது சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டியின் யூனிட் (அமைப்பு) ஃபைலில் 'ப்ரொடெக்ட்சிஸ்டம்=ஸ்ட்ரிக்ட்' இருக்கும்; எழுத வேண்டிய இடத்தை 'ரீட்ரைட்பாத்ஸ்' வரியில் சேர்த்தால் தீர்ந்தது. இந்த இரண்டும் சாது.

மூன்றாவது அப்படியல்ல. டிஸ்க்கில் பிழை கண்டதும், 'எரர்ஸ்=ரீமவுன்ட்-ஆர்ஓ' என்று அமைத்திருந்தால், கர்னல் அந்த இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தைத் தானாகவே ரீட்-ஒன்லி ஆக்கிவிடும். 'டிமெசேஜ்' பார்த்தால் ஐஓ எரர் வரிகள் கிடக்கும். இங்கே 'ரீமவுன்ட்' செய்து திரும்ப எழுதவைக்க ஆசை வரும். செய்யாதீர்கள். முதலில் எடுக்க முடிந்த டேட்டாவை வேறு இடத்துக்கு எடுங்கள், பிறகு அந்த டிஸ்க்கைக் கவனியுங்கள்.

எழுதினேன் என்கிறது, ஃபைலைக் காணோம்

சர்வீஸின் லாகில் "/டெம்ப்/அவுட்.சிஎஸ்வி எழுதப்பட்டது" என்று தெளிவாக இருக்கிறது. நீங்கள் 'எல்எஸ்' அடித்தால் அப்படி ஒன்று இல்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் /டெம்ப் வேறு. யூனிட் ஃபைலில் 'ப்ரைவேட்டெம்ப்=யெஸ்' இருந்தால் சிஸ்டம்டி அந்தச் சர்வீஸுக்குத் தனி /டெம்ப் கொடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் /டெம்ப்புக்குள் 'சிஸ்டம்டி-ப்ரைவேட்' என்று தொடங்கும் நீளப் பெயருள்ள டைரக்டரியாகத் தெரியும். /ப்ராக் அடியில் அந்தப் புரோகிராமின் எண்ணுக்குள் 'ரூட்' என்று ஒன்று இருக்கும். அதன் வழியாக நுழைந்து அதிலுள்ள /டெம்ப்பைப் பார்த்தால், புரோகிராம் கண்ணுக்குத் தெரிவது உங்களுக்கும் தெரியும். கன்டெய்னருக்கும் இதே வழி செல்லும். இரண்டு சர்வீஸ்கள் /டெம்ப் வழியாக ஃபைல் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு உங்களிடம் இருந்தால், அதை இன்றைக்கே வேறு டைரக்டரிக்கு மாற்றிவிடுங்கள்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

சூழல் மாறிகள். கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் சேவை) மிகக் குறைந்த மாறிகளோடுதான் புரோகிராமைத் தொடங்கும். 'சூடோ' வழக்கமாகப் பழைய மாறிகளைத் துடைத்துவிடும். செட்யூஐடி புரோகிராம்களுக்கு ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) டிஎம்பிடிஐஆரை வேண்டுமென்றே நீக்கிவிடும். மேக்கில் டிஎம்பிடிஐஆர் ஒவ்வொரு யூசருக்கும் /வார்/ஃபோல்டர்ஸ் அடியில் தனித்தனி. ஆக, நீங்கள் சோதித்த டைரக்டரி வேறு, கிரான் எழுதப்போன டைரக்டரி வேறு. மாறியை ஸ்கிரிப்டிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டால் சந்தேகமே இல்லை.

பத்து நாள் நன்றாக ஓடியது, திடீரென்று "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"

அந்தப் பத்து தற்செயல் இல்லை. சிஸ்டம்டியின் இயல்பு அமைப்பில் /டெம்ப்பில் 10 நாளும் /வார்/டெம்ப்பில் 30 நாளும் தொடப்படாமல் கிடப்பவை துடைக்கப்படும். தொடங்கும்போது ஒரு துணை டைரக்டரி உருவாக்கி, அதை எப்போதாவது மட்டும் தொடும் சர்வீஸ்கள் இதில் மாட்டும். 'ரன்டைம்டைரக்டரி' வரி போட்டு /ரன் அடியில் இடம் வாங்கிக்கொள்வது சுத்தமான தீர்வு.

எழுத முடிகிறது, அடுத்த காரியம் நடக்கவில்லை

ஜாவா புரோகிராம் ஒரு நேட்டிவ் லைப்ரரியை /டெம்ப்பில் பிரித்துப்போட்டு ஏற்றப்பார்க்கும். ஃபைல் முழுசாக இருக்கும், ஏற்றும்போது "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" வரும். மவுன்ட் விருப்பங்களில் 'நோஎக்செக்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'ஜாவா.ஐஓ.டிஎம்பிடிர்' மதிப்பை வேறு டைரக்டரிக்கு மாற்றுங்கள். நேட்டிவ் லைப்ரரியைச் சில புரோகிராம்கள் தங்கள் சொந்த அமைப்பில் சொல்லும் இடத்தில் பிரிக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

எழுதி முடித்த ஃபைலை இறுதி இடத்துக்குப் பெயர் மாற்றும்போது எண் 18, "கிராஸ்-டிவைஸ் லிங்க்" என்று வந்தால், டெம்ப்பும் இறுதி இடமும் வேறு வேறு ஃபைல் சிஸ்டம். டெம்ப் ஃபைலை இறுதி இடத்தின் பக்கத்திலேயே உருவாக்குவதுதான் முறை. /டெம்ப் டிஎம்பிஎஃப்எஸ் ஆன பிறகு இந்தப் பிழை புதிதாக முளைப்பது சகஜம்.

விண்டோஸில்

டெம்ப் பாதை கேட்டால் விண்டோஸ் டிஎம்பி, டெம்ப், யூசர்ப்ரொஃபைல் என்ற மாறிகளை இதே வரிசையில் பார்த்து, கடைசியாக விண்டோஸ் டைரக்டரியைத் தரும். கிடைத்த பாதை நிஜமாகவே இருக்கிறதா, அதில் எழுத முடியுமா என்று சரிபார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் தெரியும் 'ரீட்-ஒன்லி' கட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஃபோல்டருக்குள் எழுதுவதை அது தடுப்பதில்லை. 'ஐகேக்ல்ஸ்' கட்டளைதான் உண்மையான உரிமைகளைக் காட்டும்.

இடமும் உரிமையும் இருந்தும் "ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது" என்று பழைய டாட்நெட் புரோகிராம் புலம்பினால், டெம்ப் ஃபோல்டரில் எத்தனை ஃபைல் என்று எண்ணுங்கள். 'கெட்டெம்ப்ஃபைல்நேம்' ஒரே முன்னொட்டுக்கு 65,535 பெயர்கள்தான் தரும். பழையதை அழித்தால் உடனே சரியாகும், அழிக்காமல் விடும் புரோகிராமைத் திருத்தாவிட்டால் மறுபடி வரும்.

எரரே இல்லை, ஃபைல் காலி அல்லது பாதி

என் ரிப்போர்ட் கதையில் பாக்கி இருப்பது இது. டிஸ்க் நிரம்பியிருந்தது சரி, புரோகிராம் ஏன் அதைச் சொல்லவில்லை? எழுதும் செயற்கூறு டேட்டாவைத் தன் பஃபரில் வாங்கிக்கொண்டு "சரி" என்று சொல்லிவிட்டது. நிஜமான எழுத்து ஃபைலை மூடும் நேரத்தில்தான் நடந்தது. அங்கே வந்த 28ஐப் புரோகிராம் பார்க்கவே இல்லை. என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் சிஸ்டம்) மவுன்ட்டிலும் கோட்டாவோ இடமோ தீர்ந்த செய்தி இப்படி மூடும்போது வருவதுண்டு. ஆகவே ஃப்ளஷ், எஃப்சிங்க், க்ளோஸ் மூன்றின் பதிலையும் பார்க்க வேண்டும்.

உங்கள் புரோகிராம் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ள டிஸ்க்கை நிரப்ப வேண்டியதில்லை. லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்று ஒரு டிவைஸ் இருக்கிறது. திறக்கும், ஆனால் எதை எழுதினாலும் 28தான் பதில். புரோகிராமின் வெளியீட்டை அதற்குள் திருப்பிவிட்டு ஓட்டுங்கள், முடிந்ததும் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். என் ரிப்போர்ட் புரோகிராம் அன்றைக்கு 0 என்று சொன்னது. மூடும் இடத்தில் இரண்டு வரி சேர்த்த பிறகு 1 என்றது.